போன் சூடானால் பெகாசஸா?

ஆந்திராவின் நகரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. காசு பேசும்போது இரண்டும் கலந்து வரும். போனுக்குள் ரகசியமாக நுழைந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய செய்தி 2021 ஜூலையில் வெடித்ததிலிருந்து அவ்வப்போது யாராவது, "அண்ணா, போன் சூடாகுது, எவனோ ஒட்டுக் கேக்கிறான்" என்று வந்து நிற்பார். கழற்றிப் பார்த்தால் பேட்டரி உப்பியிருக்கும்.

சூட்டையும் சார்ஜ் இறங்குவதையும் வைத்து இந்த உளவு மென்பொருளைக் கண்டுபிடிக்க முடியாது. "நான் எந்த லிங்க்கையும் தொடலையே" என்பதும் வீண் தைரியம்தான். 2019-ல் வாட்ஸ்அப் கால் வழியாகவே சுமார் 1,400 போன்களைக் குறிவைத்தார்கள். அந்த அழைப்பை எடுக்கக்கூட வேண்டியதில்லை.

என் தொழிலுக்கே எதிராக ஒன்று சொல்கிறேன்: சந்தேகம் வந்ததும் ரீசெட் போடாதீர்கள். 2023 அக்டோபர் கடைசியில் சசி தரூர் உட்பட எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சிலருக்கு, உங்கள் ஐபோன் குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கை அனுப்பியது நினைவிருக்கும். அப்படி ஒன்று வந்தால், முதலில் உங்கள் ஆப்பிள் கணக்கில் நீங்களே நுழைந்து பாருங்கள். உண்மையானது அங்கேயும் தெரியும். லிங்க்கைத் தட்டு, ஆப் போடு என்று கேட்காது. அப்புறம் அந்த போனை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு போனிலிருந்து, டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் ஆக்சஸ் நவ் அமைப்பின் உதவி மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். போனின் பதிவுகளில்தான் தடயம் இருக்கும். ரீசெட் போட்டால் அதுவும் போய்விடும்.

சட்டத்தைப் பற்றிய தவறு இதைவிடப் பெரிது. "கோர்ட் ஆர்டர் இல்லாம அரசாங்கம் யார் போனையும் ஒட்டுக் கேக்க முடியாது" என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவே என்னிடம் அடித்துச் சொன்னார். முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவில் அனுமதி தருவது மத்திய, மாநில உள்துறைச் செயலாளர்கள். அது சரியா என்று பிறகு பார்க்கும் மறுஆய்வுக் குழுவிலும் செயலாளர்கள்தான், நீதிபதி கிடையாது. அதிகாரி போட்ட உத்தரவை இன்னொரு அதிகாரி பார்ப்பார், அவ்வளவே. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்தப் பிரிவு இடைமறிப்பது, கண்காணிப்பது, பூட்டி அனுப்பும் தகவலின் மறைகுறியீட்டைப் பிரித்துப் படிப்பது பற்றித்தான் பேசுகிறது. ஒருவர் போனுக்குள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நுழைப்பது அதே சட்டத்தின் 66-வது பிரிவில் குற்றம். அரசு செய்தால் மட்டும் எப்படிச் சரி என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடை இல்லை.

பெகாசஸ் புகாரை விசாரிக்க உச்ச நீதிமன்றம் போட்ட குழு 29 போன்களைச் சோதித்து, 5-ல் ஏதோ தீய மென்பொருள் இருப்பதாகச் சொன்னது. பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. இதை "ஒண்ணுமே இல்லை" என்று படிப்பவர்கள், மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று அதே குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்தில் தெரிவித்ததை விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் டீக்கடையில் நடந்தது கட்சிச் சண்டை. சந்திரபாபு ஆட்சியில் ஆந்திரா பெகாசஸ் வாங்கியதாக 2022 மார்ச்சில் மம்தா சொன்னார், தெலுங்கு தேசம் மறுத்தது, சட்டமன்றம் விசாரிக்க அவைக் குழு போட்டது. இங்கே ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கத்தினார்கள். நாளைக்கு எந்தக் கட்சி வாங்கினாலும் அதைச் சட்டமன்றத்திடம் சொல்லியாக வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்று பெகாசஸைத் தயாரிக்கும் என்எஸ்ஓ நிறுவனமே சொல்கிறது. அப்படியானால் வாங்கிய பில் ஏதோ ஓர் ஆபீஸ் பீரோவில்தானே இருக்கும்?

அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். செய்தியாளர், வக்கீல், சங்கத்து ஆள் என்றால் ஐபோனில் லாக்டவுன் மோடை, அதாவது உளவுத் தாக்குதலுக்கு எதிரான கூடுதல் பாதுகாப்பு அமைப்பை, போட்டுவையுங்கள். அதைப் போட்டதும் சில இணையப் பக்கங்கள் கோணல்மாணலாகத் தெரியும், மெசேஜில் வரும் சில ஃபைல்கள் திறக்காது. அதற்காகப் போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு வந்து சண்டை போடாதீர்கள்.