மலையகத்திலிருந்து மத்தியதரைத் தீவுக்கு: உளவியல் கோடைப் பள்ளியில் சேர ஒரு வழிகாட்டி

மால்டா, சைப்பிரஸ், சிசிலி, கிரீட் போன்ற தீவுகளில் நடைபெறும் உளவியல் கோடைப் பள்ளியொன்றுக்கு (கோடை காலத்தில் நடக்கும் குறுகிய பயிற்சிநெறி) அட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர், இடம் கிடைக்குமா என்பதை மட்டுமே யோசித்துக்கொண்டிருப்பது வழக்கம். இடம் கிடைத்த பிறகு விசா கிடைக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், விண்ணப்பத்தை எழுதத் தொடங்கும் வாரத்திலேயே ஆவணங்களையும் தேடத் தொடங்குவதே நல்லது.

கடவுச்சீட்டுக்குக் கண்டியிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்காகப் பத்தரமுல்லைக்குப் போக வேண்டியதில்லை. நம்மவர்களைப் பெரிதும் அலைக்கழிப்பது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் பதியப்பட்ட தந்தையின் பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து குறைந்தும், பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஓரெழுத்து கூடியும், சில சமயம் தலைப்பெழுத்தாக மட்டுமே சுருங்கியும் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே கோடைப் பள்ளி விண்ணப்பத்திலும், காப்புறுதியிலும், விமானச்சீட்டிலும் அப்படியே எழுதுங்கள். பழைய ஆவணங்களில் உள்ள வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். லயன் வீட்டுக்கு இலக்கம் இல்லாமல் கடிதங்கள் தேயிலைத் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேருமானால், தொடர்பு முகவரியாகப் பல்கலைக்கழகத் துறையின் முகவரியைக் கொடுப்பது பாதுகாப்பானது.

மால்டாவும், இத்தாலியின் சிசிலியும், கிரேக்கத்தின் கிரீட்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குள் அடங்குவன. சைப்பிரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் விசாவைத் தனியாகவே வழங்கி வந்த நாடு என்பதால், அதன் நடைமுறையைத் தனியே விசாரிக்க வேண்டும். எல்லா நாடுகளுக்கும் கொழும்பில் தூதரகம் இல்லை. ஆகவே விண்ணப்பத்தை எங்கே கையளிப்பது என்பதைத் தீவைத் தெரிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். முடிவு சாதாரணமாக 15 நாட்களில் வரும், ஆனால் 45 நாள் வரையும் நீளக்கூடும். எனவே இறுதி வாரங்கள் வரை காத்திருப்பது வீண் துணிச்சல். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வயதுவந்தோருக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் கற்கைக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ செல்லும் மாணவர்களுக்கு ஷெங்கன் விதிகள் அந்தக் கட்டணத்தை விலக்கியிருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சலுகையைக் கேட்க வேண்டுமானால், அனுமதிக் கடிதத்தில் நிகழ்ச்சி கல்விப் பயிற்சி என்பதும், நாட்களும், தங்குமிடமும், செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்பாட்டாளர்களிடம் திருத்திய கடிதம் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு.

பண ஆதாரத்தைக் காட்டும்போது, உறவினரிடம் கைமாற்றாக வாங்கி, விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரத்தில் வங்கியில் போட்ட பெருந்தொகை சந்தேகத்தையே வளர்க்கும். அம்மா கொழுந்து பறிப்பவர் என்றால், சேமலாப நிதிக் கழிவு தெரியும் அவருடைய சம்பளச் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி, புலமைப்பரிசில் கடிதத்தையும் பல்கலைக்கழகத்தில் படிப்பு தொடர்கிறது என்ற கடிதத்தையும் சேர்த்து வைப்பது அதைவிட நம்பத்தக்கது. திரும்பி வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதைக் காட்டுவதும் அந்தக் கடைசிக் கடிதந்தான்.

இனி, ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று சொல்லும் நோக்கக் கடிதம். மலையக மாணவர்கள் இங்கே வறுமைக் கதையை எழுதிவிடுகிறார்கள்; தேர்வாளர்களுக்கு வேண்டியது கேள்வி. ஹென்ரிச், ஹைன், நோரென்சயன் ஆகிய மூவரும் 2010 இல் வெளியிட்ட கட்டுரையில், உளவியல் ஆய்வுகளின் பங்கேற்பாளர்களில் பெரும்பகுதியினர் மேற்கத்திய, கல்வி கற்ற, தொழில்மயமான, செல்வமும் சனநாயகமும் உள்ள சமூகங்களிலிருந்து வருபவர்கள் என்றும், அவர்களை வைத்து மனிதகுலம் முழுவதற்கும் பொதுவிதி சொல்வது சரியல்ல என்றும் வாதிட்டார்கள். அந்த வாதத்துக்குத் தோட்டம் நல்ல உரைகல்: ஒரே அறையில் மூன்று தலைமுறை உறங்கும் வீட்டில் தனிமை என்ற அளவுகோல் எதை அளக்கிறது? காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) பெயர் கொடுத்து, மாலையில் நிறுத்துக் கணக்குப் பார்க்கும் வேலையில் ‘தொழில்சார் மனச்சோர்வு’ வினாக்கொத்து எங்கே பொருந்தாமல் போகிறது? இப்படியான ஒரு கேள்வியை ஒரு பக்கத்துக்குள் எழுதினால், கடிதம் பேசும்.

ஆனால் ஊரில் திரட்டிய தகவலை எடுத்துச் செல்வதானால் பல்கலைக்கழக ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். தோட்டத்தின் பெயரை மறைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். ‘கீழ்ப்பிரிவில் கணவனை இழந்த பிள்ளைமடுவ ஆயா’ (தோட்டக் குழந்தைக் காப்பகப் பணியாளர்) என்று ஓர் ஆய்வுச் சுவரொட்டியில் எழுதினால், அது யார் என்று அந்தப் பிரிவு முழுவதற்கும் தெரியும்.

பாட ஆயத்தத்தில் புள்ளிவிவரத்துக்கே முதலிடம் கொடுங்கள். ஆர், ஜாஸ்ப் இரண்டும் இலவசப் புள்ளிவிவர மென்பொருள்கள். அவற்றில் ஒன்றையாவது பழகியிருந்தால் குழுவேலையில் ஓரமாக உட்கார நேராது. 100 உளவியல் ஆய்வுகளை மீளச் செய்துபார்த்து 2015 இல் சயன்ஸ் இதழில் வெளியான அறிக்கையையும் வாசித்துவிடுங்கள்: மீளச் செய்த ஆய்வுகளில் ஏறத்தாழ 36 வீதமே புள்ளிவிவர முக்கியத்துவம் பெற்றன, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவைத் தந்தன.

இறுதித் திகதி மால்டா நேரப்படி இரவு 11.59 என்றால், கோடையில் அது நமக்கு மறுநாள் அதிகாலை 3.29, மழையில் மின்சாரம் போகும் ஊரில் அந்த மணியை நம்பாமல் முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். பயணக் காலத்தில் மேற்கு மலைச்சரிவில் தென்மேற்குப் பருவமழை பெய்யும், கினிகத்தேனைப் பாதையில் மண்சரிவு புதிதல்ல; எனவே முந்தின நாளே கட்டுநாயக்கப் பக்கம் இறங்கித் தங்குவது நல்லது. நுவரெலியாக் குளிருக்குப் பழகிய உடம்புக்கு 30 பாகைக்கு மேற்பட்ட வெயில் கடினமாகவே இருக்கும், ஆகவே பருத்தி ஆடையும் தொப்பியும் போதும். கம்பளிச் சட்டை விமானத்துக்கு மட்டும். மால்டாவிலும் சைப்பிரஸிலும் நம்முடைய சதுர மூன்று முள் செருகியே பொருந்தும், வாகனமும் இடப்பக்கமே ஓடும். சிசிலியிலும் கிரீட்டிலும் இரண்டும் மாறும்.

தீவிலிருந்து புறப்படும் முன்பு, பங்கேற்புச் சான்றிதழில் மணித்தியாலங்களும் பாடத் தலைப்புகளும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே கேட்டு வாங்குங்கள். ஐரோப்பியக் கணக்கில் ஒரு தகுதிப் புள்ளி (கிரெடிட்) 25 முதல் 30 மணித்தியால வேலையைக் குறிக்கும். அந்த எண்ணிக்கை தாளில் இல்லாவிட்டால், ஊர் திரும்பியபின் துறைத் தலைவர் அதைப் பதிவேட்டில் சேர்க்க நினைத்தாலும் அவருக்குப் பிடிமானம் இருக்காது.