மருத்துவத்தில் ஏ.ஐ.: மக்கள் மனத்தைக் கேட்டறிவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

கல்லூரிகளில் ப்ராஜெக்ட் காலம் தொடங்கிவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் படிவங்கள் வந்து விழத் தொடங்கும். அவற்றில் இப்போது அடிக்கடி தென்படும் கேள்வி: “மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?” நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் போகிற போக்கில் ‘ஆம்’ என்று தட்டிவிடுவார்கள். பிறகு ‘இத்தனை சதவீத மக்கள் ஆதரவு’ என்று ஒரு வட்ட வரைபடம் தயாராகும். எதைப் பற்றிப் பேசினோம் என்பது கேட்டவருக்கும் தெரியாது, பதில் சொன்னவருக்கும் தெரியாது.

சமூகப்பணி, செவிலியர், இதழியல் மாணவர்களும் சிறு தொண்டு நிறுவனங்களும் ஒரு மாவட்ட அளவில் இந்தக் கருத்தறியும் ஆய்வை ஒழுங்காகச் செய்ய முடியும். பெரிய செலவில்லை. வீடு வீடாக நடக்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: ஏ.ஐ.யைப் பற்றிக் கேட்காதீர்கள், ஒரு வேலையைப் பற்றிக் கேளுங்கள்

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2022 டிசம்பரில், ஒரே வாரத்தில், 11,004 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. நோயைக் கண்டறியவும் சிகிச்சையைப் பரிந்துரைக்கவும் தங்கள் மருத்துவர் ஏ.ஐ.யை நம்பியிருந்தால் சங்கடமாக இருக்கும் என்றவர்கள் 60 சதவீதம். இதோடு நிறுத்தியிருந்தால் ‘அமெரிக்கர்களுக்கு மருத்துவ ஏ.ஐ. பிடிக்கவில்லை’ என்று தலைப்புப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தும் கேட்டார்கள். தோல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஏ.ஐ. வேண்டும் என்றவர்கள் 65 சதவீதம். அறுவை சிகிச்சைக்குப் பின் வலி மருந்தின் அளவைத் தீர்மானிக்க அது வேண்டும் என்றவர்கள் வெறும் 31 சதவீதம். மனநல ஆலோசனைக்குச் சாட்பாட் வேண்டாம் என்று 79 சதவீதத்தினர் மறுத்துவிட்டார்கள்.

அதே மக்கள், அதே வாரம். வேலை மாறியதும் விடை தலைகீழாகிவிட்டது. ஆகவே முதலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். காசநோய்க்கான மார்பு எக்ஸ்ரேயைக் கணினி படிப்பது ஒரு நல்ல தேர்வு. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் செய்வதானால், நான் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் பரிசோதனையைத்தான் சொல்வேன். தெருவுக்குத் தெரு சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கிய மென்பொருளை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த முடிவுகள் 2019இல் வெளியாகின. அதாவது, நீங்கள் கேட்கப்போவது கற்பனைக் கதை அன்று.

தேர்ந்தெடுத்த வேலை களத்தில் எப்படி நடக்கிறது என்றும் படித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் இதே வகை மென்பொருளை 11 மருத்துவ நிலையங்களில் கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. அறை போதிய இருட்டாக இல்லாததாலும் பிற காரணங்களாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு படத்தை, தரம் போதாது என்று கணினி ஏற்க மறுத்தது. அப்படிப்பட்ட நோயாளி கண் மருத்துவரைப் பார்க்க இன்னொரு நாள் வேறோர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. இதைப் படித்தவர் ‘கணினி துல்லியமானதா?’ என்று மட்டும் கேட்க மாட்டார். ‘படம் சரியில்லை, மாவட்டத் தலைநகருக்குப் போங்கள் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?’ என்றும் கேட்பார். ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு இதுதான் பெரிய கேள்வி.

படி 2: யாரிடம் கேட்பது?

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வாரிக்கொண்டார். பெயர்களை எடுக்க அவர்கள் பயன்படுத்தியவை தொலைபேசிப் பட்டியல்களும் கார் உரிமையாளர் பட்டியல்களும். அந்தக் காலத்தில் இவை பெரும்பாலும் வசதியானவர்களிடமே இருந்தன. வாட்ஸ்அப் படிவத்துக்கும் இதே கதிதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி, பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்.

வாக்காளர் பட்டியல் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. லோக்நீதி போன்ற ஆய்வுக் குழுக்களும் அதிலிருந்துதான் பெயர்களை எடுக்கின்றன. மாவட்டத்தில் 25 வாக்குச்சாவடிகளைக் குலுக்கல் முறையில் எடுங்கள். ஒரு சாவடியில் 1,000 பெயர்கள் இருந்து, உங்களுக்கு 20 பேர் வேண்டுமானால், ஐம்பதுக்கு ஒருவர். 1 முதல் 50க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுங்கள். 17 வந்தால் 17, 67, 117 என்று போய்க்கொண்டே இருங்கள்.

எத்தனை பேர் போதும்? 95 சதவீத நம்பகத்தன்மையும் (இதே ஆய்வை நூறு முறை செய்தால் ஏறக்குறைய 95 முறை உண்மை நிலை பிழை எல்லைக்குள் வரும்) கூட்டிக் குறைத்து 5 சதவீதப் பிழையும் ஏற்கத்தக்கவை என்றால் கணக்குப்படி 385 பேர். ஆனால் அது மாவட்டம் முழுவதிலிருந்தும் தனித்தனியே எடுத்தால்தான். சாவடி சாவடியாக எடுக்கும்போது ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி பேசுவார்கள், பிழை கூடும். அதனால்தான் 25 சாவடி, 500 பேர் என்கிறேன். முடிந்தால் இன்னும் அதிகச் சாவடிகள், சாவடிக்குக் குறைந்த ஆட்கள் என்று பிரித்துக்கொள்வது மேலும் நல்லது.

படி 3: கேள்வியை எழுதுவது

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். மாணவர் வினாத்தாள்களில் வரும் கேள்விகளின் சாயலில் ஒன்று:

“மருத்துவர்களைவிடத் துல்லியமாக நோயைக் கண்டறியும் நவீன செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பம் கிராமப்புற மக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?”

இதற்கு ‘இல்லை’ என்று யார்தான் சொல்வார்கள்? துல்லியமானது என்ற முடிவும் நவீனம் என்ற புகழ்ச்சியும் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. கிராமத்துக்குக் கிடைக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. போதாக்குறைக்கு ‘ஏற்கிறீர்களா’ என்ற முடிவு. வீடு தேடி வந்து கேட்பவரின் மனம் கோணக் கூடாது என்பதற்காகவே தலையாட்டும் மரியாதை நம் ஊரில் நிறைய உண்டு. ஏற்பு, மறுப்பு வகைக் கேள்விகளைக் கூடுமானவரை தவிருங்கள்.

அதை இப்படி மாற்றலாம்:

“சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கண்ணின் உட்பகுதியைப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தைச் சில இடங்களில் கண் மருத்துவர் பார்த்துச் சொல்கிறார். சில இடங்களில் கணினி பார்த்துப் பாதிப்பு உண்டா இல்லையா என்று சொல்கிறது. உங்கள் கண்ணைப் படம் எடுத்தால் யார் பார்க்க வேண்டும் என்பீர்கள்?”

விடைகள்: கண் மருத்துவர் மட்டும் / கணினி மட்டும் போதும் / கணினி பார்த்த பிறகு மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் / சொல்லத் தெரியவில்லை.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மூன்றாவது விடையைப் பார்த்ததும் கூட்டம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும்போது ஒன்றை ஏன் விட வேண்டும்? நிஜ வாழ்க்கையில் அதற்கு ஒரு விலை உண்டு, பெரும்பாலும் காத்திருப்பு. எனவே வினாத்தாளை இரண்டு வடிவமாக அச்சிடுங்கள். ‘அ’ வடிவத்தில் மேலே உள்ள கேள்வி அப்படியே. ‘ஆ’ வடிவத்தில் ஒரு வரி கூடுதல்: “கணினியின் முடிவு அங்கேயே தெரிந்துவிடும், மருத்துவர் பார்த்த முடிவு இரண்டு வாரம் கழித்து வரும்.” எந்த வீட்டுக்கு எந்த வடிவம் என்பதைக் குலுக்கலில் தீர்மானியுங்கள். இரண்டு வடிவத்துக்கும் இடையே விடை எவ்வளவு நகர்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வின் சுவாரசியமான எண். அது பல பெரிய ஆய்வுகளில்கூடக் கிடைக்காது.

இதோடு தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு, படம் யாரிடம் இருக்கலாம் என்று இரண்டொரு கேள்விகள், கடைசியில் “ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று ஒரு திறந்த கேள்வி, வயது, படிப்பு, சர்க்கரை நோய் உண்டா என்ற விவரங்கள். பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு மேல் வேண்டாம்.

படி 4: அனுமதி

உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் வினாத்தாளைக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் படித்துவிட்டுப் போனால் குழுவின் கேள்விகளுக்குத் திணற மாட்டீர்கள். மருத்துவ ஏ.ஐ.க்கென்றே அதே கழகம் 2023இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டும். பெயர்ப் பட்டியலையும் விடைத்தாளையும் ஒரே கோப்பில் வைக்கக் கூடாது.

படி 5: முன்சோதனை

குலுக்கலில் தேர்ந்தெடுத்தவர்களில், அதாவது உங்கள் மாதிரியில், இல்லாத பத்துப் பதினைந்து பேரிடம் வினாத்தாளைச் சோதியுங்கள். பதிலைவிட, அவர்கள் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதே இங்கே முக்கியம். “நான் இப்போது கேட்டதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ‘கணினி பார்க்கும்’ என்பதைக் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் கருவி என்று ஒருவர் புரிந்துகொள்ளலாம். இன்னொருவர், வேறோர் ஊரிலிருந்து மருத்துவர் கணினித் திரை வழியாகப் பார்ப்பது என்று நினைக்கலாம். இரண்டு பேர் ஒரே இடத்தில் இடறினால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

படி 6: களம்

மருத்துவமனை அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். இலவச சிகிச்சை பெறுபவர் அந்த அட்டையைப் பார்த்ததும் குறை சொல்ல மாட்டார். காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களுமே இருப்பார்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போங்கள். ஆளில்லாவிட்டால் இன்னும் இரண்டு முறை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு நிரப்பாதீர்கள்.

அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு மகன் பதில் சொல்வார். “அதுக்கு என்ன தெரியும், நானே சொல்கிறேன்” என்று கணவர் நடுவில் வருவார். “உங்கள் கருத்தையும் பிறகு எழுதிக்கொள்கிறேன் அண்ணா, இந்தத் தாளில் அக்காவின் பெயர்தான் வந்திருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். குலுக்கலில் வந்த பெயர் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். “நீயே ஏதாவது போட்டுக்கொள்ளம்மா” என்பவருக்கு ‘சொல்லத் தெரியவில்லை’ என்றுதான் குறிக்க வேண்டும்.

படி 7: கணக்கு

எக்செலும் அதில் விடைகளை வகைவாரியாக எண்ணித் தரும் பிவட் டேபிளும் போதும். முதலில் மாதிரியை மக்கள்தொகையோடு ஒப்பிடுங்கள். உங்கள் மாதிரியில் பெண்கள் 70 சதவீதம், ஊரில் பாதிப்பேர்தான் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 60 சதவீதமும் கணினியை ஏற்றிருந்தால், அப்படியே கூட்டினால் 46 வரும். பெண்களின் விடைக்கு 50/70, ஆண்களின் விடைக்கு 50/30 என்று எடை கொடுத்தால், அதாவது ஒவ்வொரு விடையையும் அந்த எண்ணால் பெருக்கிக் கூட்டினால், 50 வரும். நான்கு புள்ளி வித்தியாசம், நாம் பகலில் போனதால் வந்தது.

‘சொல்லத் தெரியவில்லை’ என்றவர்களைக் கழித்துவிட்டுச் சதவீதம் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். புதிய விஷயத்தில் அதுவும் ஒரு முழுமையான பதில். திறந்த கேள்விகளை இருவர் தனித்தனியே படித்து வகைப்படுத்தி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிக்கடி மாறுபட்டால் வகைகளின் வரையறை தெளிவாக இல்லை.

படி 8: எழுதுவது

கேள்வியின் முழு வாசகம், எந்த மாவட்டம், எந்தத் தேதிகள், எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எடை எப்படிக் கொடுத்தீர்கள் ஆகிய ஐந்தும் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். தலைப்பில் ‘தமிழக மக்கள்’ என்று போடாதீர்கள், நீங்கள் கேட்டது ஒரு மாவட்டத்தில். ‘ஏ.ஐ.க்கு ஆதரவு’ என்றும் போடாதீர்கள், நீங்கள் கேட்டது கண் படத்தைப் பற்றி. ‘அ’, ‘ஆ’ இரண்டு வடிவங்களின் விடைகளையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். மற்ற அட்டவணைகளெல்லாம் பின்னிணைப்புக்குப் போகலாம்.