தொடர்கதையில் மர்மமும் வேகமும்: தனுஷ்கோடி மணலில் ஒரு செய்முறை

மாயக்கதையைத் தொடராக எழுத வருபவர்கள் பலர் முதல் அத்தியாயத்திலேயே எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுகிறார்கள். எங்கே, யார், எதற்கு என்று எதுவுமே பிடிபடாத வாசகருக்குச் சலிப்புதான் வரும். மறைக்க வேண்டியது ஒன்றே ஒன்று; மற்றதெல்லாம் பட்டப்பகல்போலத் தெரிய வேண்டும். தனுஷ்கோடியை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: இடத்தை உள்ளபடி எழுதுங்கள். வடக்கே அடங்கிக் கிடக்கும் பாக் நீரிணையைப் 'பெண்கடல்' என்றும், தெற்கே சீறும் மன்னார் வளைகுடாவை 'ஆண்கடல்' என்றும் அங்குள்ள மீனவர்கள் சொல்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரில், இரண்டு கடலுக்கும் நடுவே மணலைக் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் மேலே தங்குகிறது. ஆழமாகப் போனால் உப்புக் கரிக்கும்.

படி 2: அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நம் கதையில் பேச்சி தோண்டிய ஊற்று எவ்வளவு ஆழம் போனாலும் இனிக்கிறது. ஏன்? கடலுக்குப் போனவர் திரும்பி வரப்போகும் வீட்டின் ஊற்று மட்டும் கரிக்காது. இந்த விதியைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். எட்டாவது அத்தியாயம்வரை வாசகருக்குச் சொல்லாதீர்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஊற்று ஒரு காலையில் கரிக்கத் தொடங்கியதை மூன்றாவது அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள்.

படி 3: வேகம். எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள்.

"பேச்சி கையளவு தோண்டினாள். சிரட்டையால் மொண்டு குடித்தாள். நல்ல தண்ணீர். இன்னும் ஒரு முழம் தோண்டினாள். மணல் கறுத்தது, சிப்பி ஓடுகள் வந்தன. இனிக் கரிக்கும் என்று தெரிந்தே மொண்டு வாயில் வைத்தாள். இனித்தது."

கை செய்யும் வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லித் தாமதப்படுத்தினோம்; விடையை ஒரே சொல்லில் முடித்தோம். அடுத்து 'அவள் திடுக்கிட்டாள்' என்று சேர்த்துப் பாருங்கள், அதுவரை கூடிவந்த அச்சம் கலைந்துவிடும். திடுக்கிட வேண்டியவர் வாசகர்.

படி 4: எல்லா அத்தியாயத்தையும் அதிர்ச்சியில் முடிக்காதீர்கள். பழைய கேள்வி ஒன்றுக்கு விடை, புதிய கேள்வி ஒன்று, அது போதும். புயல் அத்தியாயத்துக்குப் பிறகு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை வையுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டே ஆண்கள் பழங்கதை பேசுவார்கள். துப்புகளை நுழைக்க நல்ல இடம் அது.

படி 5: வாசகர் யாராவது விடையை முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டால் விதியை மாற்றாதீர்கள். அவருக்குத் தெரிந்தது பேச்சிக்குத் தெரியாது. இனி அவர் அவளுக்காகப் பதறுவார். அடுத்த அத்தியாயத்தில் பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்து, பேச்சியின் ஊற்றில் தண்ணீர் கேட்கட்டும்.