செவிலிய மாணவர்களுக்குப் பரிவைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் தர்மபுரிப் பக்கத்துச் செவிலியர் கல்லூரிகளுக்குப் புதிய டியூட்டர்கள் வருகிறார்கள். மாணவிகளை வார்டுக்கு அழைத்துப்போய், எங்கள் காலத்துத் தவறுகளையே வரி பிசகாமல் செய்கிறார்கள். சிரித்த முகம், இனிய சொல் பற்றியெல்லாம் ஊரே பேசிவிட்டது; அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோயாளி எதிரில் மாணவியைத் திட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாலக்கோட்டுப் பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்த்த மாணவி, பட்டையைத் தளர்வாகச் சுற்றிவிட்டாள். தளர்ந்த பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். தனியே அழைத்துச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. டியூட்டரோ, "இதுகூடத் தெரியாமல் எதற்கம்மா வந்தாய்?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பாட்டி கையை இழுத்துக்கொண்டார். "வேண்டாம் கண்ணு, பெரிய நர்சம்மாவே பார்க்கட்டும்."

அடுத்த படுக்கையில் அந்த மாணவிக்கு ஸ்டெதாஸ்கோப்பில் நாடியின் ஓசை சரியாகக் கேட்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. இயல்பான அளவு என்று எல்லோரும் சொல்லும் 120/80-ஐ எழுதிவிட்டு நகர்ந்தாள்.

திட்டின் விலை அந்த எண்தான். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை வெளியே சொல்லப் பயமில்லை என்பது அவர் விளக்கம். பயந்த பிள்ளை நாளை இரவு டியூட்டியில் மருந்து மாறினாலும் வாய் திறக்க மாட்டாள்.

அன்று மாலையே, துணைக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம் அவள், "கட்டிலில் உட்காராதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?" என்று பாய்ந்தாள். குரல்கூட டியூட்டருடையதுதான். பாடம் நன்றாகவே ஏறியிருக்கிறது!

அரளி விதை தின்றவரிடம் "ஏன்?" என்று தொடங்குவது

படிவத்தில் காரணம் எழுத இடம் இருக்கிறது என்பதற்காக, மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் இதயத் துடிப்பைக் குறைக்கும். முதலில் நாடியைப் பார்க்கட்டும், வாந்தி, மயக்கம் உண்டா என்று கேட்கட்டும். காரணத்தைத் திரை மறைவில், மெல்ல, பிறகு கேட்கலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கருதச் சொல்கிறது. விசாரணை நம் வேலை இல்லை.

"ஒன்றும் ஆகாது" என்று சொல்லப் பழக்குவது

ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

பரிவுக்கு மதிப்பெண் போடுவது

வசனம் மனப்பாடமாகும், அவ்வளவுதான்.

மொழியைக் கண்டுகொள்ளாமல் விடுவது

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் நோயாளிகள் நிறைய. அங்கே போஸ்டிங் போகும் அரூர்ப் பிள்ளைக்கு, எங்கே வலிக்கிறது என்று கேட்கவாவது இரண்டு மொழியிலும் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

முதல் சாவைக் கண்ட பிள்ளையிடம் கேஸ் ஷீட் (நோயாளி பற்றிய குறிப்பு) கேட்பது

"நர்ஸ் அழக்கூடாது" என்று அதட்டிவிட்டு அடுத்த படுக்கைக்கு அனுப்பினால், அவள் கற்பது அழுகையை மறைக்க மட்டுமே. கல்லூரி பஸ் கிளம்புமுன் அவளை உட்காரவைத்து, என்ன பார்த்தாய், உறவினர் என்ன சொன்னார்கள், நீ எங்கே நின்றாய் என்று கேளுங்கள். பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், டீ வாங்கிக்கொடுங்கள். கேஸ் ஷீட்டை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம்.