ஆயுர்வேத மருந்து வாங்கும்போது லத்தீன் பெயரைப் பாருங்கள்

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போய் ஆயுர்வேத மருந்து வாங்குகிறவர்கள், மூலிகையின் பெயரோடு நிற்காமல் லேபிளில் உள்ள லத்தீன் பெயரையும் பார்த்து வாங்குங்கள். சரிந்த சிறு எழுத்தில் இரண்டு சொல்லாக இருக்கும். பழைய பாட்டிலை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் காட்டச் சுலபம்.

காரணம், ஒரே சமஸ்கிருதப் பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கிறது. கேரளத்தில் சங்குபுஷ்பி என்றால் நம் வேலியில் படர்கிற நீலச் சங்குப்பூ, அதாவது கிளிட்டோரியா டெர்னேட்டியா. வடக்கே தயாராகும் சிரப்பில் அதே பெயருக்குப் பெரும்பாலும் கன்வால்வுலஸ் இனத்துச் செடி. இரண்டும் ஒரே குடும்பம்கூடக் கிடையாது. பிரம்மியும் அப்படித்தான்: கேரளத்தில் நீர்ப்பிரம்மி, வடக்கே பல இடங்களில் வல்லாரை. ராஸ்னா இன்னும் குழப்பம், தெற்கே அது அரத்தைக் கிழங்கு, வடக்கே வேறு செடி.

ஆனால் லத்தீன் பெயர் செடியை மட்டும்தான் சொல்லும். வேரா, இலையா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்காடி மருந்துக் கடையில், அதாவது நாட்டு மருந்துக் கடையில், எடை போட்டுப் பொட்டலமாகத் தரும் உலர் சரக்குக்கு லேபிளே இருக்காது. அதற்கு, எந்தச் செடி என்று வைத்தியரிடமே தெளிவாக எழுதி வாங்கிக்கொண்டு போவதுதான் சரி.