மலாவி கிராமப் பள்ளிக்கு நம் கரையிலிருந்து கஞ்சி: பணம் எப்போது, எப்படிப் போக வேண்டும்

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஒரு கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஞ்ச மாதங்களில் கஞ்சி கிடைக்கப் பணம் அனுப்ப விரும்பும் நம் கரைப் பங்குகளுக்கான குறிப்பு இது. அங்கே மக்காச்சோள அறுவடை ஏப்ரல், மே மாதங்களில். அப்போதுதான் விலை இறங்கிக் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை பஞ்ச மாதங்கள்: வீட்டில் இருப்பு தீர்ந்துவிடும், சந்தையில் விலை ஏறிவிடும், வெறும் வயிற்றோடு நாலைந்து மைல் நடக்க முடியாத பிள்ளைகள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். நம் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும்போது பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? அங்கே சோளம் வாங்க வேண்டிய நேரமும் இங்கே கையில் காசில்லாத நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. அதனால் கொடுப்பவர்களிடம் கேட்பது பொங்கலுக்குப் பிறகு தொடங்கி, தவக்காலத்தோடு முடிய வேண்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் பணம் வங்கியை விட்டுக் கிளம்பினால், மே மாதம் பள்ளியின் கையில் இருக்கும்.

முதலில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலை. மலாவியில் 1994 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை. திருச்சபைகள் தொடங்கிய தொடக்கப் பள்ளிகள் ஏராளம்; அவற்றில் பலவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசே தருகிறது. ஆகவே 'ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம்' என்று யாராவது பணம் கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். குறைவது சாப்பாடு, நோட்டுப் புத்தகம், சோப்பு, சீருடை. கத்தோலிக்க மறைமாவட்டமானாலும் சி.சி.ஏ.பி. என்ற பிரஸ்பிட்டேரியன் சபையின் சினாடானாலும் (வட்டார நிர்வாகப் பேரவை) கல்விச் செயலர் ஒருவர் இருப்பார். அவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் எந்தப் பள்ளியோடும் பேச்சைத் தொடங்க வேண்டாம். வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எத்தனை பேர், பெற்றோர் இல்லாமல் பாட்டி, சித்தி வீட்டில் வளர்பவர் எத்தனை பேர், சமையல் கொட்டகை உண்டா, தண்ணீர் எவ்வளவு தூரம், பூட்டுப் போடக்கூடிய வைப்பறை உண்டா என்று எழுதிக் கேளுங்கள். வைப்பறை இல்லையென்றால் முதலாண்டுப் பணம் அதற்குத்தான். பிள்ளைகளை உறவினர் வீட்டிலேயே விட்டுப் படிக்க வைக்கும் பள்ளிக்கே முன்னுரிமை கொடுங்கள். விடுதி கட்டிச் சேர்த்தால் நன்கொடைக்காகவே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கிற நிலை வந்துவிடும்.

பணம் அனுப்புவதில்தான் பங்குப் பேரவைகள் தடுமாறுகின்றன. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டம் தனிநபருக்கு மட்டும். டிரஸ்ட், சங்கம், நிறுவனம் எதுவும் அதில் அனுப்ப முடியாது. ஊர் முழுக்க வசூலித்து ஒருவர் கணக்கில் போட்டு அனுப்பலாம் என்ற யோசனையும் சரிவராது. பணம் தன்னுடையது என்று அவர் உறுதிமொழி தர வேண்டியிருக்கும். போதாததற்கு, உறவினரல்லாதவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது அவருடைய வருமானமாகிவிடும். ஆகவே வசதியுள்ள நாலைந்து குடும்பங்கள் தங்கள் தங்கள் பெயரிலேயே அனுப்பட்டும்: பான் அட்டை, ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் விண்ணப்பம்), நோக்கக் குறியீடு எஸ்1303 (வெளிநாட்டுச் சமய, தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை). ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் டி.சி.எஸ். என்ற வரியை வங்கியில் முன்கூட்டியே பிடிப்பார்கள், அந்தக் கவலை நமக்கு இல்லை. 80ஜி வரிச்சலுகை கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு முகம் சுளிக்க வேண்டாம்.

மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பாதீர்கள். நம் வங்கி, இடைவங்கி, அங்குள்ள வங்கி மூன்றும் கட்டணம் எடுக்கும். சின்னத் தொகை வழியிலேயே கரையும். ஆண்டுக்கு ஒரே தடவை, கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையில் அனுப்புங்கள். அன்பியம் என்ற தெருவாரிச் செபக் குழுக் கூட்டத்தில் சேரும் சில்லறையையும் பாசி எடுக்கும் பெண்கள் ஒதுக்கும் பத்து இருபதையும் இந்த வழியில் கலக்க வேண்டாம். அவற்றுக்குத் சிறுவர்களின் மறைபரப்பு அமைப்பான திருப்பாலர் சபை உண்டியலும் அக்டோபரில் வரும் மறைபரப்பு ஞாயிறு காணிக்கையும் இருக்கின்றன. அது மறைபரப்பு நாடுகளுக்கான பொது நிதி, 'எங்கள் பள்ளிக்கு' என்று குறித்துக் கொடுக்க முடியாது.

பணம் மறைமாவட்ட அல்லது சினாடு கணக்குக்குத்தான் போக வேண்டும். ஏர்டெல் மணி, எம்பாம்பா போன்ற கைபேசிப் பணக் கணக்கு எண்ணுக்குப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், பழைய கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்காமல் ஒரு ரூபாயும் நகரக்கூடாது. போய்ச் சேர்ந்த பணம் அந்நாட்டு நாணயமான குவாச்சாவாக வங்கியில் தூங்கவும் கூடாது. 2023 நவம்பரில் குவாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் குறைத்தார்கள்; ஒரு டாலரின் விலை குவாச்சாவில் 44 சதவீதம் ஏறிவிட்டது. சோளமாக மாற்றி வைத்திருந்தவர்களுக்கு அதனால் நட்டமில்லை.

இனி அளவு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் மாவு. அங்கே இதற்கு லிகுனி பாலா என்று பெயர்: மக்காச்சோளம் நான்கு பங்கு, சோயா ஒரு பங்கு. 150 பிள்ளைகள், பஞ்சப் பருவத்தில் 60 பள்ளி நாள் என்றால் 900 கிலோ மாவு, அதாவது சோளம் 720 கிலோ, சோயா 180 கிலோ. புடைப்பதிலும் அரைப்பதிலும் போகும் கழிவுக்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டி வாங்கச் சொல்லுங்கள். அரைவைக் கூலி, விறகு, சர்க்கரை, உப்பு எல்லாம் தனிக்கணக்கு. விறகை மறந்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம். சோயாவைப் பச்சையாக அரைக்கக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும். கொதிநீரில் வேகவைத்து, காயவைத்து, வறுத்த பிறகே அரைக்க வேண்டும். கஞ்சி பள்ளிக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும். தாய் தகப்பன் இல்லாதவர்களை மட்டும் தனி வரிசையில் நிறுத்தினால் வெட்கப்பட்டே அவர்கள் வர மாட்டார்கள்.

மூட்டை வாங்கியதும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஈரச் சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். சமைத்தாலும் அது போகாது. ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் நம் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த சரக்கே ஓரளவு உதவும்: உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு கை சோளமும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிச் சில நிமிடம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே என்று மட்டுமே பொருள்; 13 வரை இறங்கிவிட்டதா என்று இது சொல்லாது. காய்ந்ததை உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறையும் வெளியே நெய்த சாக்கும் கொண்ட பிக்ஸ் பையில் நிரப்பி, ஒவ்வோர் உறையாகக் காற்றை வெளியேற்றி முறுக்கிக் கட்ட வேண்டும். பிராணவாயு தீர்ந்து வண்டு உள்ளேயே சாகும், மருந்துப் பொடி வேண்டாம். எலி ஓர் ஓட்டை போட்டால் அந்தப் பை வீண். எனவே மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கச் சொல்லுங்கள்.

பழைய துணி, பொம்மை, பேனா என்று பெட்டி கட்டாதீர்கள். அனுப்பும் கூலியிலும் சுங்கத்திலும் போகிற காசுக்கு அங்கேயே புதிது வாங்கலாம், உள்ளூர்த் தையற்காரருக்கும் வேலை கிடைக்கும். கருவாடு அனுப்பலாமா என்று நம் கரையில் ஒருவராவது கேட்பார். மலாவி ஏரியில் பிடித்துக் காயவைக்கும் உசிபா, நெத்திலி அளவுக் கருவாடுதான். அங்கத்திய சந்தையிலேயே கிடைக்கும்.

பிள்ளைகளின் படத்தைக் கேட்காதீர்கள். பெயர், முகம், பள்ளி மூன்றும் சேர்ந்து வாட்ஸப்பில் சுற்றினால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்துவிடும். நன்கொடையாளர் நேரடியாகப் பிள்ளையோடு பேசவும் வேண்டாம். பருவத்துக்கு ஒருமுறை மூன்று தாள்களின் படம் வந்தால் போதும்: கொள்முதல் ரசீது, மூட்டை இருப்புப் பதிவேடு, வகுப்பு வருகைத் தொகை. 150 பேருக்கு நாளொன்றுக்கு 15 கிலோ போக வேண்டும். இருப்பு அதைவிட வேகமாகக் குறைந்தால் அளவுப் பாத்திரம் பெரிதா, மூட்டை வெளியே போகிறதா என்று கல்விச் செயலரிடம் கேளுங்கள். குறையாமலே இருந்தால் சமையல் நின்றிருக்கிறது, விறகோ தண்ணீரோ இல்லை என்று அர்த்தம். மீன்பாடு மோசமான ஆண்டில் தொகை குறையுமென்றால் பிப்ரவரியிலேயே எழுதிச் சொல்லிவிடுங்கள். அறுவடைக்கு முன் தெரிந்தால் நாட்களைக் குறைத்துக்கொண்டு அடுத்த ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டுமாவது அவர்களால் ஒதுக்க முடியும்.