முதல் ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்களுக்கு: ‘இதைச் சொன்னது யார்?’

முதுகலைத் தமிழ் படிக்கும்போது, குறுந்தொகை என்ற சங்க அகப்பாடல் தொகுப்பைப் பற்றி நான் எழுதிய முதல் ஆய்வுக்கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘தோழி இவ்வாறு கூறுகிறாள்’ என்ற வரிக்கு அடியில் நெறியாளர் கோடு போட்டு, ஓரத்தில் ‘யார் சொன்னது?’ என்று எழுதியிருந்தார். தோழிதான் சொன்னாள், அதைத்தானே எழுதியிருக்கிறேன் என்று எனக்குக் கோபம். அவர் கேட்டது வேறு என்று புரிய ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

தட்டச்சு, பக்க அமைப்பு, அடிக்குறிப்பு போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

நான் முதலில் கொண்டுபோன தலைப்பு ‘குறுந்தொகையில் கார்காலம்’. கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாடல்கள். எல்லாவற்றிலும் மழையைத் தேடி எடுத்து அடுக்கினால் பட்டியல்தான் வரும், கட்டுரை வராது. அப்புறம் அதைக் குறுக்கினேன். மழை வந்துவிட்டது, கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப்போன தலைவன் வரவில்லை. அப்போது ‘இது கார்காலமே இல்லை’ என்று மறுக்கும் பாடல்கள் சில இருக்கின்றன. அப்படி மறுப்பது தலைவியா, தோழியா? கேள்விக்குறி போட்டு முடிக்க முடிகிற தலைப்பாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: எந்தப் பதிப்பு என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்

குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் உரையோடு அச்சானது. உ.வே.சா. பதிப்பு 1937இல் வந்தது. நான் உ.வே.சா. கட்சி. காரணம் பக்தி அல்ல. ஒவ்வொரு பாடலுக்கும் கீழே பிரதிபேதம் (பாட வேறுபாடுகள்), மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி (பிற இடங்களில் ஒத்து வருபவை) என்று பொடி எழுத்தில் கொடுத்திருப்பார். பழைய உரையாசிரியர்கள் அந்தப் பாடலை எங்கெல்லாம் எடுத்துக்காட்டினார்கள் என்பது மேற்கோளாட்சியில் இருக்கும். நாம் ஒரு மாதம் தேட வேண்டியதை அவர் ஏற்கெனவே தேடி வைத்துவிட்டார். பொடி எழுத்து என்று தாண்டிப் போகாதீர்கள்.

தேடுவதற்கு மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தையும் பயன்படுத்துங்கள், தாராளமாக. ஆனால் மேற்கோளை அங்கிருந்து வெட்டி ஒட்ட வேண்டாம். இடம் கண்டுபிடிக்க இணையம், எடுத்து எழுத அச்சுப் பதிப்பு. சென்னைக்கு வர முடிந்தால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலும் தலா ஒரு நாள் உட்காருங்கள். உங்கள் தலைப்பில் யாராவது ஏற்கெனவே பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்பதை இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் பாருங்கள். தலைப்பு ஒன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். கேள்வி ஒன்றாக இருந்தால்தான் பிரச்சினை.

படி 3: குறிப்பட்டை (நான் விழுந்த இடம்)

என் பழைய குறிப்பேட்டில் 66ஆம் பாடலுக்கு இப்படி எழுதியிருந்தேன்: ‘கொன்றை மரங்கள் அறியாமை உடையவை, காலமல்லாத மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டன என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள்.’

பார்க்க ஒரே வாக்கியம். உள்ளே மூன்று பேர் பேசுகிறார்கள். கொன்றையும் மழையும் பாட்டில் இருப்பவை. ‘காலமல்லாத மழை’ என்பது ‘வம்ப மாரி’க்கு உரை தரும் பொருள். ‘தோழி தேற்றுகிறாள்’ என்பது பாட்டின் கீழே உள்ள கூற்றுக் குறிப்பு, அதாவது யார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பு. அந்தக் குறிப்பைப் பாடிய புலவரே எழுதினார் என்று எடுத்துக்கொள்ள முடியாது, பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் பார்த்தபோது எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் என் சொந்த வாக்கியம் என்று நம்பிக் கட்டுரையில் போட்டேன். திருட்டு என்ற எண்ணமே இல்லாமல் திருட்டு நடப்பது இப்படித்தான்.

இப்போது ஒரு அட்டையில் ஒரே ஒரு பாடல். அதில் நான்கு கட்டம்:

பாடல்: ‘மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை’, ‘வம்ப மாரியைக் காரென மதித்தே’. குறுந். 66, அடி 1, 5.
கூற்று: தோழி. பருவம் கண்டு வருந்திய தலைவியிடம் ‘பருவம் அன்று’ என்று வற்புறுத்தியது.
உரை: வம்ப மாரி, பருவமல்லாத காலத்து மழை. பதிப்பு, பக்க எண்.
நான்: பாட்டுக்குள் விளி (யாரையும் அழைக்கும் சொல்) இல்லை. கூற்றை மறைத்துவிட்டால் தலைவியே பேசுவதாகப் படிக்க முடியுமா?

நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்த அட்டை கட்டுரைக்கு உதவாது. பக்க எண்ணை அப்போதே எழுதுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட பக்க எண்ணுக்காக நான் இரண்டு முறை பஸ் ஏறியிருக்கிறேன்.

இந்தப் பிரிப்பால் என்ன லாபம் என்று கேட்டால், 251ஆம் பாடலைப் பக்கத்தில் வையுங்கள். 66 ‘மடவ மன்ற’ என்று கொன்றையில் தொடங்குகிறது. 251 ‘மடவ வாழி மஞ்ஞை’ என்று மயிலில் தொடங்குகிறது. இரண்டிலும் ‘அதுகளுக்கு விவரம் போதாது’ என்ற அதே வாதம். ஆனால் 251இல் ‘காரன் றிகுளை தீர்கநின் படரே’ என்று வருகிறது. இது கார் அன்று, தோழி (இகுளை), உன் துயர் தீரட்டும். ‘நின் படர்’ என்பதால் துயரப்படுபவள் எதிரில் இருக்கிறாள், பேசுபவள் இன்னொருத்தி. அதற்குப் பாட்டிலேயே சான்று இருக்கிறது. 66இல் அந்தச் சான்று இல்லை. 21ஆம் பாடலிலோ கானமே கார் என்று சொன்னாலும் ‘யானோ தேறேன்’ என்று தலைவி தானே மறுக்கிறாள், ‘அவர் பொய்வழங்கலரே’ என்பதால். மறுப்பவள் தலைவியாகவும் இருக்கலாம் என்றால், 66ஐத் தோழிக்குக் கொடுக்கக் கூற்று ஒன்றுதான் நமக்கு ஆதாரம். நெறியாளர் ‘யார் சொன்னது?’ என்று கேட்டது இதைத்தான்.

படி 4: எழுதுவது

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். ‘சங்க இலக்கியம் தமிழரின் வாழ்வியலை எடுத்தியம்பும் கருவூலமாகும்’ என்று தொடங்கும் பழக்கம் இருந்தால் அந்த வரியை எழுதிவிட்டு அழித்துவிடுங்கள், கை இளகும். நான் நடுவில் இருந்து, மூன்று அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துத் தொடங்குவேன். என் பழைய வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: ‘66ஆம் பாடலைத் தோழி கூற்றாகக் கொள்வதற்குப் பாடலுக்குள் நேரடிச் சான்று இல்லை, கூற்றுக் குறிப்பே அவ்வாறு வகுக்கிறது.’ அழகில்லைதான். ஆனால் யாரும் கோடு போட முடியாது.

ஒப்புமைச் சதவீதம் (கட்டுரையில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்திருக்கிறது என்ற கணக்கு) பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. உரிய முறையில் மூலம் காட்டிய மேற்கோள்கள் அந்தக் கணக்கில் வராது. அட்டை ஒழுங்காக இருந்தால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கருவிகளில் துணைநூல் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஜோட்டெரோ மென்பொருள் போதும், இலவசம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் முதல் கட்டுரைக்குத் தேவையில்லை. குறிப்புக்கு மட்டும் எனக்கு இன்னும் காகித அட்டைதான். திரையில் நான்கு கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பும் பொறுமை எனக்கு வரவில்லை.

பிற்சேர்க்கை 1: ‘இகுளை என்று தேடினால் 251 கிடைக்கவில்லை’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கிடைக்காது. சீர் பிரித்த பாடத்தில் முந்தைய சொல்லின் கடைசி எழுத்தோடு சேர்ந்து அது ‘றிகுளை’. அதேபோல 66இல் ‘அளவை’ என்று தேடினால் வராது, அங்கே ‘வாரா வளவை’ என்று இருக்கும். நானும் இதில் ஏமாந்து, அந்தச் சொல் குறுந்தொகையிலேயே இல்லை என்று எழுத இருந்தேன். சொல்லின் முதல் எழுத்தை விட்டுவிட்டு ‘குளை’, ‘ளவை’ என்று தேடுங்கள். வேண்டாததும் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தி பிரித்த பாடம் ஒன்றிலும் தேடிப் பாருங்கள். ஒரு சொல் ‘இல்லை’ என்று எழுதும் முன் இரண்டிலும் தேடியிருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: ஜோட்டெரோ நம் பெயர்களைக் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டாக வெட்டுகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிடும். அதில் ‘சாமிநாதையர், உ.வே.’ என்று நீங்களே அடித்துவிடுங்கள், அகரவரிசை சரியாக வரும்.